உதட்டில் குண்டூசி

...இல்லை, அது அந்தச் செருப்பாக இருக்காது, நான்கு வருடமாக ஒரே செருப்பையா மாட்டிக்கொண்டு திரிவாள், எந்தச் செருப்பு அத்தனை நாள் உழைக்கும், ஆனால் சத்தம் அதேதான், வலது கால் தரையோடு இழுபட்டு ஒரு சர்ரக், இடது கால் சத்தமில்லாமல், மறுபடி ஒரு சர்ரக்... பிரசவ அறையின் கடைசிக் கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தவள் கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் வருகிற ஆள் மாறிவிடுமா என்ன? சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்ட புத்தி, ஒரு பெண்ணைப் பெற்று இன்னொன்றைச் சுமக்கும்போதும் போகவில்லை. சர்ரக். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. அவள் கண்ணைத் திறந்தாள். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறம் திருப்பிக் கட்டியிருந்த அந்தக் கை. முகத்தைப் பார்க்கவே வேண்டாம், அந்தக் கையை எங்கே பார்த்தாலும் அவளுக்குத் தெரியும்.

“எத்தனாவது?” என்றாள் பெரிய சிஸ்டர். ரெண்டாவது, சிஸ்டர். “வலி எப்படி இருக்கு?” கொஞ்சம் இருக்கு சிஸ்டர். “கொஞ்சம்னா இன்னும் நேரம் கெடக்கு, சும்மா படு.” அவ்வளவுதான், போய்விட்டாள். அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், எத்தனை தொடைகளைப் பார்த்த கை, எந்தத் தொடையை ஞாபகம் வைத்துக்கொள்வாள்? தெரியாமல் போனது நல்லதுதான், நிம்மதியாக இருக்க வேண்டும், ஆனால் ஏன் இல்லை... நான்கு வருடமாகத் தூக்கத்தில் வந்து போகிற ஒருத்தி, நேரில் வந்து ‘நீ யாரு’ என்பதுபோலப் பார்த்துவிட்டுப் போகிறாள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம் என்றால் எங்கே போவது, வண்டி பிடித்து வந்து சேரும் தூரத்தில் இருப்பது இது ஒன்றுதான். “அதே ஆளுங்களா இருப்பாங்க? எல்லாம் மாறியிருக்கும்,” என்று வரும் வழியெல்லாம் அவள் கணவன் சொல்லிக்கொண்டே வந்தான். அவருக்கென்ன, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு எதையும் சொல்லலாம். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். அத்தையையும் விடவில்லை, வராந்தா பெஞ்சில் ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இதோ வருகிறது. இடுப்பின் பின்பக்கத்தில் யாரோ திருகாணியைத் திருகுவதுபோலத் தொடங்கி, சுற்றி வந்து, அடிவயிற்றில்... வாயை மூடு. குண்டூசி. குண்டூசியை எடுத்து உதட்டில் வை, ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, தலைகள் வெளியே, முனைகள் உள்ளே, வரிசையாக, அப்படித்தான், இனி வாய் திறந்தால் முனை குத்தும், சிரித்தால் போச்சு, தும்மினால் போச்சு, கத்தினால் தொண்டைக்குள் போய்விடும். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கடையில் மிஷின் மிதிப்பவள் அவள். கடைக்குச் சேர்ந்த முதல் வாரமே மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது இது, அளவு பார்த்துக் குத்தும்போது இரண்டு கையும் துணியில் இருக்க வேண்டும், குண்டூசிக்கு இடம் உதடுதான். “வாய்ல ஊசி இருக்கையில கூரையே இடிஞ்சு விழுந்தாலும் வாயைத் தெறக்கக் கூடாது, தெரிஞ்சுதா?” ஒருமுறை அளவு கொடுக்க வந்த வாண்டு ஒன்று மாஸ்டரின் வழுக்கையைத் தடவிப் பார்த்து ‘இங்க மட்டும் துணி பத்தலையா’ என்று கேட்டபோது, சிரிப்பை அடக்கி அடக்கி அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, உதடு மட்டும் அசையவில்லை. போன மாதம் திடீரென்று ஒரு பொய்வலி வந்தது, வாயில் ஊசி, கையில் காலர், ஒரு முனகல் இல்லை, வலி வந்து போனது மாஸ்டருக்கே தெரியவில்லை. அன்றைக்குத்தான் இந்த யோசனை. யாரிடமும் சொல்லவில்லை, கணவனிடம்கூட. நகையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்ததுபோல அதை உள்ளுக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். இந்தத் தடவை அவர்கள் கையில் சிக்க மாட்டேன். சத்தம் போட்டால்தானே அடி?

வலி இறங்கியது. அப்பாடா. முதல் தடவை இந்த யோசனை இல்லாமல் போயிற்று, இருபத்திரண்டு வயதில் என்ன தெரியும், வலித்தால் கத்தலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வலித்தால் கத்தத்தானே செய்வார்கள்? “புருஷன்கூடப் படுக்கையில இனிச்சுதுல்ல, இப்ப எதுக்குடி ஊரைக் கூட்டற?” பெரிய சிஸ்டர் அப்படிக் கேட்டதும் ஆயாம்மா சிரித்தாள், சுவரோரம் நின்று எழுதிக்கொண்டிருந்த பயிற்சி டாக்டர் பெண்ணும் தலை குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான், அடியைவிட அந்தச் சிரிப்புத்தான்... அப்புறம் தொடையில் பட்டென்று ஒன்று. இன்னொன்று. “காலை அகட்டு. அகட்டுன்னா அகட்டு. குழந்தை செத்தா எங்க மேல பழி போடுவியா?” வந்துவிட்டது போல இருக்கு சிஸ்டர் என்று சொன்னதற்கு, “நீ என்ன டாக்டரா?” பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கத்தரித்தார்கள், மரத்துப்போக ஊசி போடாமலே தைத்தார்கள், தைக்கும்போது துள்ளியதற்கு இன்னொரு அடி. அவளும் தையல்காரிதான், துணியைக்கூட நீவிவிட்டு, மடிப்பு நேராக இருக்கிறதா என்று பார்த்துத்தானே ஊசியை இறக்குவாள்? வீட்டில் வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டும்போது அத்தை தொடையைப் பார்த்துவிட்டு “இதென்ன?” என்றாள். கட்டில் இடிச்சிருச்சு அத்தை. எந்தக் கட்டிலுக்கு ஐந்து விரல் இருக்கிறது? அத்தை கேட்கவில்லை. தண்ணீரை மட்டும் மெதுவாக ஊற்றினாள். அத்தைக்கும் தெரியும்போல, எல்லாருக்கும் தெரியும்போல, தெரிந்துகொண்டேதான் எல்லாரும் வளைகாப்புப் போட்டுச் சிரித்த முகமாக இங்கே அனுப்பி வைக்கிறார்கள்.

“அம்மா... அம்மா...” பக்கத்துக் கட்டில். தலைச்சன் போலிருக்கிறது, சின்னப் பெண், ரெட்டைச் சடை போட்டால் இன்னும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்கலாம், சடையின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு, விட்டுவிட்டு, மறுபடி ‘அம்மா’ என்று... கத்தாதே பெண்ணே. கத்தாதே. அவளுக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது, ஊசி ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தால் என்ன, ஆனால் பேச்சுச் சத்தம் கேட்டால் இரண்டு பேருக்கும் விழும். சர்ரக், சர்ரக். “அம்மாவைக் கூப்பிட்டா? உங்கம்மாவா வந்து பெத்துத் தரப்போறா?” பட். அந்தச் சத்தம் கேட்டதும் இவளுடைய தொடை தானாகச் சுருங்கியது, அடி விழுந்தது அங்கே, உதறியது இங்கே. “மூச்சு விடாத. அந்தக் கட்டிலைப் பாரு. அவளும் உன்னை மாதிரிப் பொம்பளைதானே? தங்கம் மாதிரி படுத்திருக்கா பாரு. கத்துக்கோ.”

தங்கம். அவளைத்தான். அந்தக் கை அவளைக் காட்டுகிறது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் உள்ளே ஏதோ ஒன்று வாலாட்டியது, வெட்கமில்லாமல், குளிர்ந்துபோய், நன்றியோடு, உதட்டோரம் ஒரு சிரிப்புக்கூட வந்ததோ என்னவோ. பாஸ் ஆகிவிட்டேன். இந்தத் தடவை நான் நல்லவர்கள் பக்கம். பிறகுதான் அந்தப் பெண் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை, அண்ணாந்து கடைசிப் பெஞ்சிலிருந்து முதல் மதிப்பெண் வாங்கியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரில் பெயின்ட் உரிந்து ஒரு குதிரை மாதிரி இருந்தது, குதிரைக்கு மூன்று கால், ஏன் மூன்று கால் என்று யோசித்தாள், வேறு எதையும் யோசிக்காமல் இருப்பதற்காக யோசித்தாள். அவள் சத்தம் போடாமல் இருந்ததால்தான் அந்தப் பெண்ணுக்கு அந்த அடி விழுந்ததா? சே, அப்படியெல்லாம் இல்லை. அது எப்படியும் விழுந்திருக்கும்.

வாசலில் டாக்டரம்மாவின் குரல், உள்ளே வரவில்லை, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே கேட்கிறாள், கடைசிக் கட்டில் என்னாச்சு? “அது சத்தமே இல்லாம இருக்கு டாக்டர், இன்னும் நேரமாகும்,” என்றாள் பெரிய சிஸ்டர், கதவு மூடிக்கொண்டது. என்ன? என்ன சொன்னாள்? சத்தமில்லாவிட்டால் நேரமாகும் என்று எப்படி... யாரும் வந்து பார்க்கவே இல்லையே, வந்ததிலிருந்து ஒரே ஒரு தடவை கை வைத்துப் பார்த்ததுதான். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்கள் காதால்தான் பார்க்கிறார்கள். கத்தலின் அளவை வைத்துத்தான் யாருக்கு எப்போது என்று கணக்குப் போடுகிறார்கள், குக்கர் விசில் மாதிரி. அவள் விசிலையே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். சர்ரக், சர்ரக், செருப்பு தூரமாகப் போகிறது, பக்கத்து அறையில் கப் வைக்கிற சத்தம், டீ போலிருக்கிறது. ஆயாம்மாவும் பின்னாலேயே போகிறாள். போகாதீர்கள், இருங்கள்... என்று நினைத்தாள், நினைக்கத்தான் செய்தாள்.

கால்களுக்கிடையில் வெதுவெதுப்பாக ஏதோ உடைந்து ஓடியது. பனிக்குடம். முதலில் தோன்றியது என்ன தெரியுமா, ஐயோ விரிப்பு நனைந்துவிட்டதே, திட்டுவார்களே என்பதுதான், புடவைத் தலைப்பை எடுத்து அவசர அவசரமாக ஒற்றினாள், தரையில் காபியைக் கொட்டிய குழந்தை மாதிரி. ஒற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்துவிட்டது. இது வேறு. இது சுற்றி வருகிற வலி இல்லை, இது நேராகக் கீழே தள்ளுவது, தன்னைக் கேட்காமல் தன் உடம்பே தள்ளுவது, இதற்குக் குண்டூசி போதாது, சாக்குத் தைக்கிற ஊசி வேண்டும். வந்துவிட்டது. இவள் டாக்டர் இல்லை, இருந்தாலும் தெரிகிறது, வந்துவிட்டது. கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? ‘சிஸ்டர்’ என்று மட்டும் கூப்பிட்டால் மரியாதையாக இருக்குமா? ‘சிஸ்டர், கொஞ்சம் வந்து பார்க்கறீங்களா’ என்று... ‘டீ குடிச்சிட்டு வந்தாப் போதும் சிஸ்டர்’ என்று... அட பைத்தியமே. வாயைத் திற. கூரை இடிந்து விழுகிறது, திற. திறந்தால் தங்கம் போய்விடும். திறந்தால் அந்தக் கை வரும். ‘ரெண்டாவதுதானே, உனக்குத் தெரியாதா, எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்’ என்று எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு... திற. உதடு பிரியவில்லை. உண்மையிலேயே பிரியவில்லை, ஊசி ஏதும் இல்லை என்று தெரியும், இருந்தும் முனைகள் நாக்கில் படுகின்றன. மூக்கு வழியாகக் காற்றுதான் வந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது, இதுவரை எதற்கும் இப்படிப் பயந்ததில்லை, அந்தச் சிஸ்டரைப் பார்த்தும்கூட. தன்னைப் பார்த்தே பயமாக இருந்தது. என் பிள்ளை கீழே விழுந்து செத்தாலும் நான் கூப்பிட மாட்டேனா?

“அக்கா.” பக்கத்துக் கட்டில் பெண் முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, உங்களுக்கு... அக்கா, தலை தெரியுது!” இவள் தலையை ஆட்டினாள், ஆமாம் என்றும் வேண்டாம் என்றும் இரண்டுமாக. அந்தப் பெண் கத்தினாள். சிஸ்டர், சிஸ்டர், இங்க வாங்க, அக்காவுக்குக் குழந்தை வருது! பக்கத்து அறையிலிருந்து, “ஏய், உனக்கு இன்னும் பத்தலையா? எந்திரிச்சு வந்தேன்னா தெரியும்!” எப்படி நம்புவார்கள், காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கும் பெண், சத்தமே போடாத கட்டிலைப் பற்றிச் சொல்கிறாள். அந்தப் பெண்ணுக்கும் அந்த நேரம் பார்த்து வலி வந்துவிட்டது, முகம் கோணிக்கொண்டது, ஆனால் அப்படியே கட்டிலிலிருந்து இறங்கினாள், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மேஜைமேல் இருந்த எவர்சில்வர் ட்ரேயை இழுத்தாள், கத்தரியும் கிண்ணமுமாக எல்லாம் தரையில் போய் விழுந்து அந்த அறையே அதிர்ந்தது. காலி ட்ரேயால் கட்டில் கம்பியை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வீடுகளுக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் கேட்டிருக்கும்.

சர்ரக்சர்ரக்சர்ரக். ஓடி வருகிற செருப்பு. “யாருடி அது, எவ அது ட்ரேயை...” பாதியில் நின்றுபோயிற்று. பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் அவளுக்குத் தெரியும். அந்தக் கை அவள்மேல். அடிக்க இல்லை. “ஐயையோ, தலை வெளிய வந்திருச்சே... கொடி சுத்தியிருக்கு, முக்காத, முக்காத, மூச்சை மட்டும் ஊது, டாக்டரைக் கூப்பிடு, ஓடு!” அந்தக் குரலிலும் பயம் இருந்தது. பெரிய சிஸ்டருக்கும் பயம் வருமா? விரல் ஒன்று உள்ளே நுழைந்து கழுத்தில் சுற்றியதை எடுத்து விடுவது தெரிந்தது, பிறகு எல்லாம் ஒரே வழுக்கலாக நழுவி வெளியேறியது, வயிறு காலியானது. அவள் காத்திருந்தாள். சத்தம் இல்லை. ஏன் சத்தம் இல்லை? தலையைத் தூக்கிப் பார்த்தாள், நாவல்பழ நிறத்தில் ஏதோ ஒன்று தலைகீழாகத் தொங்கியது, ஆண்பிள்ளை, வாய் கொஞ்சம்கூடத் திறக்காமல், உதடு ஒட்டிக்கொண்டு, தங்கம் மாதிரி... வேண்டாம், வேண்டாம்டா, இதை எங்கிருந்து கற்றுக்கொண்டாய், வயிற்றுக்குள் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தாயா, கத்து, ஊரைக் கூட்டு, யார் என்ன சொன்னாலும் சரி கத்து... அந்தக் கை குழந்தையின் உள்ளங்காலில் விழுந்தது. பட். அதே சத்தம். பட். அடிங்க சிஸ்டர், இன்னும் அடிங்க, நல்லா அடிங்க, என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். எந்தக் கையைப் பார்த்து நான்கு வருடம் நடுங்கினாளோ அந்தக் கையைக் கும்பிட்டாள். பட்.

ஒரு விக்கல். ஒரு கமறல். பிறகு வந்தது பாருங்கள், ஒரு அழுகை, கதவு, ஜன்னல், வராந்தா எல்லாம் தாண்டி அத்தையின் ஃபிளாஸ்க் வரை போயிருக்கும். டாக்டரம்மா வந்து வாயில் குழாயை விட்டு உறிஞ்சி, முதுகைத் தேய்த்து, சரி சரி, தப்பிச்சான் என்றாள். பெரிய சிஸ்டர் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு இவளைப் பார்த்தாள். “ஏம்மா, வாய்ல என்னத்தை வெச்சிருந்த? ஒரு குரல் குடுக்கக் கூடாது? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பிள்ளை போயிருக்கும். சத்தம் போட்டாத்தானே எங்களுக்குத் தெரியும்?” குண்டூசி, சிஸ்டர் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. இன்னும் நிறையச் சொல்ல இருந்தது. நான் நாலு வருஷம் முன்னாடி இதே கட்டில்ல... என்று தொடங்க வேண்டும். “மன்னிச்சுக்குங்க சிஸ்டர்,” என்றாள். சிஸ்டர் போகிற போக்கில் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, “உன்னை யாரு எறங்கச் சொன்னது? கீழ கெடக்கற சாமானையெல்லாம் யாரு பொறுக்குவா, உங்கப்பனா? ஏறிப் படு,” என்றாள்.

அந்தப் பெண் ஏறிப் படுத்தாள். நன்றி சொல்ல வேண்டும், கையையாவது பிடித்துக்கொள்ள வேண்டும், எட்டவில்லை. அடுத்த வலி அவளுக்கு வருவது இங்கிருந்தே தெரிந்தது, கால் விரல்கள் மடங்கின, கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் சத்தம் வரவில்லை. இவள் உற்றுப் பார்த்தாள். அந்தப் பெண் சடை நுனியை முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டு, உதட்டை இறுக்கிப் பூட்டிக்கொண்டு, இவளைப் பார்த்து, சரியாகச் செய்கிறேனா என்பதுபோல... இல்லை, அப்படி இல்லை, கத்து, நீதான் சரி, உன் தொண்டையால்தான் என் பிள்ளை பிழைத்தான், என்று சொல்ல வாயைத் திறந்தாள், திறந்தது, இப்போது தாராளமாகத் திறந்தது. அந்த நேரம் பார்த்து ஆயாம்மா துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் கிடத்தினாள். அவன் கத்திக்கொண்டே இருந்தான். முகமெல்லாம் வாயாக, நாக்கு துடிக்க, கொஞ்சமும் கூச்சமில்லாமல், என்ன குரல், யாரைக் கொண்டு பிறந்திருக்கிறான் இவன்? அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கத்துடா ராசா.

சர்ரக். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில். சர்ரக்.

“ஷ்ஷ்...” யார் சொன்னது? “சத்தம் போடாத கண்ணு, வந்துருவாங்க, ஷ்ஷ்...” அவளுடைய குரல்தான். திறந்த வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான். பார்த்தால் அவளுடைய ஆள்காட்டி விரல் பிள்ளையின் உதட்டின்மேல் இருக்கிறது, மெத்தென்று, ஈரமாக, அந்த உதடு விரலுக்கடியில் ஒருகணம் அடங்கி அவளைக் கேட்பதுபோல நின்றது. எதிரே அந்தப் பெண்ணின் கண்கள். விரலை எடுக்க வேண்டும். இப்போதே எடுக்க வேண்டும், என்று நினைத்தாள். செருப்பு நெருங்கிக்கொண்டிருந்தது.